பிரேக் இல்லாத சீட்

என் வேலைக் காலம் முழுக்கக் கொழும்பை நான் இடப்பக்கச் சீட்டிலிருந்துதான் பார்த்தேன். சாரதிப் பயிற்சி ஆசிரியர்களாக இப்போது சேர்ந்திருக்கிற நீங்களும் இனி அப்படித்தான் பார்க்கப் போகிறீர்கள். யாரோ ஒருவர் பயந்து பயந்து ஓட்டுவார். காலி வீதியின் நகைக்கடைகளும் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் நடைவேகத்தில் பின்னால் போகும். பின்னேரத்தில் வெள்ளவத்தை லேன் ஒன்றுக்குள் இறங்கினால் முன்கண்ணாடி முழுக்கக் கடல் வந்து நிற்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. முன்னால் போகிற ஓட்டோவின் பின்பக்கம் மட்டும்தான் அவருடைய உலகம். கடலைப் பார்க்க எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சாரதிப் பள்ளிக் காரில் உங்கள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அது இருக்கும்வரை எல்லோரும் நல்ல ஆசிரியர்கள்தான். சங்கதி தொடங்குவது சொந்தக் கார்ப் பாடத்தில். நம்முடைய ஊரில் லைசன்ஸ் எடுத்து, அதை அலுமாரியில் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிய பெண்கள் அனேகம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு நாள் அவர்களுக்கு அது தேவைப்படும். அப்போது போன் பண்ணுவார்கள்: "மிஸ், எங்கட கார் நிக்குது. வந்து பக்கத்தில இருக்கிறீங்களா?" அவர்களுடைய காரில் உங்கள் பக்கம் பிரேக் கிடையாது. நடுவில் ஹேண்ட்பிரேக் ஒன்று. அதுவும் உங்கள் வாயும்தான் உங்கள் ஆயுதங்கள்.

அந்தக் கார்களில் அரைவாசிக்கு மேல் எண்ணூறு சி.சி. சின்னக் கார்தான். பவர் ஸ்டியரிங் இல்லை. ஜன்னலைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடிய சத்தம் வரும். கொஞ்சம் பருத்த ஆள் கியர் போட்டால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கால் கவனம். ஆனால் அதன் சொந்தக்காரர்களிடம் குறை சொல்லிப் பாருங்கள், மூஞ்சி சுருங்கிப்போகும். கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். அதில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்வார்கள்.

தெமட்டகொடையில் ஒரு முஸ்லிம் அம்மா, புடவைக் கடை வைத்திருப்பவரின் மனைவி, கிளட்சை விடத் தெரியாமல் திணறிக்கொண்டே எனக்குச் சொன்னார்: "எங்கட மூத்த மகன் சின்னதுல இந்தக் கார ஸ்டார்ட் பண்ணினாத்தான் உறங்குவான் மிஸ். அவங்கட வாப்பா தொட்டில ஆட்டல்ல, பெட்றோல்தான் ஊத்தினாரு." அந்த மகனுக்கு இப்போது தாடி வந்துவிட்டது. கார் அப்படியே நிற்கிறது. இப்படிப் பேச்சு வந்தால் நிறுத்தாதீர்கள். பேசுகிறவரின் கை ஸ்டியரிங்கில் இளகுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது சரோஜா அக்காவின் கதை.

பெற்றோல் வரிசைக் காலம் முடிந்து, வாகன இறக்குமதி இன்னும் திறக்காமல் இருந்த நாட்கள் அவை. பழைய சின்னக் காருக்குக் கூடப் பவுனுக்குரிய மரியாதை இருந்தது. சரோஜா அக்கா என்னைவிட மூத்தவர், அவரும் லைசன்ஸை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவர். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், பழைய தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் கணவரோடு இருந்தார். ஒரே மகள் கனடாவில். முதல் நாள் நான் போனபோது அக்கா என்னை மேலே கூப்பிடவில்லை. கீழே கார் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை எண்ணூறு ஒன்று நின்றது. வெள்ளை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஜன்னல்கள் திறந்திருந்தன. சாரதி ஆசனத்தில் வேட்டியும் பெனியனுமாக ஒருவர், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் பின்னேரத்தில உதுக்குள்ளதான் இருப்பார்," என்றார் அக்கா மெல்ல. "கண் தெரியாது மிஸ். சீனி வருத்தம்."

அவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். குரல் மட்டும் கப்டனுடையது. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் தானாகவே இறங்கி, பொனட்டைத் தடவிக்கொண்டே வந்து என்னிடம் காரை ஒப்படைத்தார். ஒப்படைத்த விதம் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பிள்ளை எழும்பிவிடக் கூடாது என்று வழி முழுக்க இரண்டாம் கியரில் வந்தாராம். சண்டை நின்று பாதை திறந்த புதிதில் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப்போய், வவுனியா தாண்டி எஞ்சின் சூடாகி, வேப்பமர நிழலில் மூன்று பேரும் புளிச்சாதம் சாப்பிட்டார்களாம். பெற்றோல் வரிசையில் இரவும் பகலும் கிடந்தபோது எஞ்சினை எழுப்பாமல் அயலவர்களோடு சேர்ந்து கையாலேயே தள்ளித் தள்ளிப் போனாராம்.

"அந்த வரிசையிலதான் எனக்கு விளங்கினது மிஸ்," என்றார். "முன்னுக்கு நிண்ட காரின்ர நம்பரை வாசிக்க ஏலாமல் போச்சு. ஆருக்கும் சொல்லேல்லை. பெற்றோல் அடிச்சு, வீட்டை கொண்டுவந்து விட்டுட்டுத்தான் சொன்னனான்."

அன்றிலிருந்து அவர் லேனைத் தாண்டிப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் அவருடைய அக்கா இருந்தார். படுத்த படுக்கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், இப்போது போனில் குரலை மட்டும் கேட்டார். ஓட்டோ பிடிக்கலாம் என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாராம். "என்னைப் பார்சல் மாதிரி ஏத்தி இறக்க வேண்டாம்," என்று ஒரே பதில். ஆஸ்பத்திரிக்குக் கூட கெஞ்சி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மகள் கெட்டவள் இல்லை. தூரத்திலிருந்து கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்வதைத்தான் சொன்னாள். ஓட்ட ஆளில்லாத கார் எதற்கு, இறக்குமதி திறந்தால் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இப்போதே விற்றுவிடுங்கள் என்றாள். புறோக்கர் ஒருவரையும் பேசி வைத்துவிட்டாள். ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அண்ணை மறுக்கவில்லை. நிபந்தனை ஒன்றைத்தான் வைத்தார். அதற்கு முதல் நாள் ஞாயிறு சரோஜா தன்னைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனால் விற்பதில்லை. போகாவிட்டால் கார் போகட்டும்.

"கார் போனால் இவர் மேல இருந்து கீழயும் வரமாட்டார் மிஸ்," என்றார் அக்கா. "எனக்குக் கார் இல்லை பிரச்சினை, இவர்தான்."

நான் பாடத்தைத் தொடங்கினேன். அண்ணை பின் சீட்டில், அக்காவுக்கு நேர் பின்னால் ஏறிக்கொண்டார். கேட்காமலே ஏறினார். எஞ்சின் சத்தத்தை வைத்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. "இஞ்சேரும், செகண்டைப் போடும்." "கிளட்சில காலை வைச்சுக்கொண்டு இருக்காதையும்." அந்தக் காரில் திரும்பி முடிந்ததும் சிக்னல் தானாக அணையாது, கையால் தட்டிவிட வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் மறப்பார். டிக் டிக் என்று அது அடித்துக்கொண்டே இருக்கும். "சிக்னல்!" என்று பின்னாலிருந்து குரல் வரும். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் சொல்லி முடித்திருப்பார். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் அக்கா ஓட்டுகிறாரே என்று விட்டேன்.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு நாள் போய்க்கொண்டிருந்தோம். அண்ணைக்குத் தெருவெல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு வளைவையும் உடம்பு சாய்வதை வைத்து எண்ணிக்கொண்டு வந்தவர் திடீரென்று, "இப்ப ரைட் எடும், உதால போனால் கெதியாப் போகலாம்," என்றார். அக்கா எடுத்துவிட்டார். நான் நேரே போகச் சொல்லியிருந்தேன், பலகையும் முன்னால் நின்றது. அவருக்குக் கண் தெரிந்த காலத்தில் இரண்டு பக்கமும் போன தெரு அது. இப்போது ஒருவழி. எதிரே பள்ளிக்கூட வான் ஒன்று வந்தது. ஹேண்ட்பிரேக்கை நான் இழுத்த இழுவையில் எண்ணூறு மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வானுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில் புகுந்து போகலாம், அவ்வளவுதான்.

வான்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "போட் எக்க பேன்னே நெத்த?" பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று.

பின் சீட்டிலிருந்து அண்ணை சொன்னார்: "என்னைத்தான் கேக்கிறான்."

பின்னால் எடுத்து, திரும்பி, வீட்டுக்கு வந்தோம். நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுப் படியேறினார். பாவமாக இருந்தது. ஆனால் சொன்னது சரிதான் என்றே இருந்தேன்.

அடுத்த நாள்தான் நான் எதிர்பாராத புதினம். பின் சீட் காலியாக இருக்க, அக்கா முன்னையைவிட மோசமாக ஓட்டினார். ஒவ்வொரு சந்தியிலும் கார் நின்றது. தெருவைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "இப்ப என்ன மிஸ் செய்யிறது?" நான் சொன்னால் அச்சுப் பிசகாமல் செய்தார். சொல்லாவிட்டால் கல்லாகிப்போனார். முப்பது வருஷமாக ஒரு குரலைக் கேட்டே பழகிய காது. அதுவும் அன்பான குரல், அதனால் எதிர்க்கவும் தோன்றியிருக்காது. அண்ணை போய், அந்த இடத்துக்கு நான் வந்திருந்தேன். குரல்தான் மாறியதே தவிர ஒன்றும் மாறவில்லை.

பிள்ளைகளே, இதற்குப் பாடப் புத்தகத்தில் எதுவும் இல்லை. நான் யோசித்துச் செய்தது இவ்வளவுதான். மறுநாள் ஏறும்போதே சொன்னேன்: "அக்கா, தெகிவளைப் பாலம்வரை போய்த் திரும்புறம். நான் இனிக் கதைக்க மாட்டன். ஆபத்தெண்டால் மட்டும் ஹேண்ட்பிரேக்கில கை வைப்பன்."

"ஐயோ மிஸ், கோவமோ?"

"இல்லை. நான் கடலைப் பார்க்கப் போறன்."

உண்மையிலேயே பார்த்தேன். ஓரக்கண்ணால் தெருவையும்தான். முதல் நாள் ஒரு சந்தியில் அவர் நின்ற நிலையில் பின்னால் ஹோர்ன் கச்சேரியே நடந்தது. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒருவரிடமிருந்தும் சத்தம் வராது என்று அவருக்கு உறைத்த கணத்தில் கழுத்து மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடப்பக்கம். அந்தக் கழுத்து திரும்பியதைப் பார்க்க எனக்கு எத்தனை சந்தோஷம்! அதற்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் போனோம். பின்னேர வெளிச்சம், உப்புக்காற்று, தண்டவாளத்தில் ரயில் ஒன்று எங்களோடு கொஞ்சத் தூரம் சேர்ந்து ஓடி விலகிப்போகும். காருக்குள் பேச்சில்லை. சிக்னல் மட்டும் மறந்துபோய் டிக் டிக் என்று அடிக்கும். அதைச் சொல்லவும் நான் வாய் திறக்கவில்லை. சிலவேளை நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணை இஸ்திரி போட்ட சேட்டோடு இறங்கினார். அக்கா காரின் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்திருந்தார். கார் சுவரைப் பார்த்தபடி நின்றதால் பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். பின்னுக்கு நசுக்கினால் சகுனம் சரியில்லை என்று அண்ணை பிடிவாதம். ஆகவே தேசிக்காய்களை எடுத்து, காரை வெளியே எடுத்துத் திருப்பி, லேன் நடுவில் நிறுத்தி, மறுபடியும் வைத்தோம். பின்னால் வந்த ஓட்டோக்காரர் பொறுமையாக நின்று பார்த்தார். நான்கும் நசுங்கிய சத்தம் கேட்டபிறகுதான் அண்ணை பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவரிடம் ஒன்றுதான் கேட்டிருந்தேன். வழியில் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. "ஓம் மிஸ்," என்றார். கோட்டை தாண்டியும் சொல்லைக் காப்பாற்றினார். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஒவ்வொரு கியரையும் அவர் தனக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனைக்குள் ஒரு ஏற்றம். சேர்ச்சில் பூசை முடிந்த நேரம், சனம் தெரு முழுக்க. முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, அக்காவும் நிறுத்த, எஞ்சின் செத்தது. கார் ஒரு சாண் பின்னுக்கு உருண்டது. பின்னால் லொறி. அதன் முன்பக்கம் எங்கள் பின்கண்ணாடியை முழுதாக மறைத்திருந்தது. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். "யமு நோனா, யமு!" என்று யாரோ போகச் சொல்லிக் கத்தினார்கள். அக்கா பிரேக்கை மிதித்துவிட்டார், கார் நின்றது. ஆனால் கண் என் கைக்கு வந்துவிட்டது. என் கை ஹேண்ட்பிரேக்கில் இருந்தது.

அதே நேரம் பின்னால் அண்ணை மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பேசப் போகிறார். ஒரு சொல் போதும், அவர் சொன்னபடி செய்து அக்கா ஏறிவிடுவார். அப்படி ஏறினால், இனி அவர் பின்னால் இல்லாத நாளில் எந்த ஏற்றமும் ஏற மாட்டார். அண்ணையைத் தடுக்க வேண்டுமென்றால் சீட்டுகளுக்கு நடுவால் என் வலக்கை போக வேண்டும். இருப்பது ஒரு வலக்கை. அது ஹேண்ட்பிரேக்கில்.

அக்காவின் வலக்காலைப் பார்த்தேன். பிரேக்கில் கெட்டியாக, நரம்பு புடைத்து நின்றது. அதைப் பார்த்த பிறகே கையை எடுத்தேன். இதை மறந்துவிடாதீர்கள். பார்க்காமல் எடுத்திருந்தால் அது தைரியம் இல்லை, விசர், சுத்தப் பைத்தியம். கையைப் பின்னால் நீட்டி அண்ணையின் முழங்காலைப் பிடித்து அழுத்தினேன். அவர் இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது.

அக்கா வெறுமையான ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தார். பிறகு என்னை. நான் ஜன்னலுக்கு வெளியே, பூசை முடிந்து போகிற ஒரு வெள்ளைச் சட்டைச் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு அடித்த அடி லொறிக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றார் அக்கா. அண்ணை ஒன்றுமே பேசவில்லை. ஆனாலும் சொன்னார். சொல்லிவிட்டு ஹேண்ட்பிரேக்கைத் தானே இழுத்தார். எஞ்சினை எழுப்பினார். கிளட்சை மெல்ல மெல்ல விட்டார், காரின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்து நடுங்கியது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். அந்தப் பிஸ்கட் டின் எங்கள் மூன்று பேரையும் சுமந்துகொண்டு முனகி முனகி ஏறியது. ஒரு அங்குலம்கூடப் பின்னுக்குப் போகவில்லை.

மேலே வந்ததும் கோயில் மணி கேட்டது. அண்ணை என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஏறீட்டம் போல," என்றார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. என்னுடையதும்தான், மறைத்து என்ன.

அண்ணையின் அக்காவுடைய வீடு தெருவோரம். கார் நிற்குமுன்பே உள்ளேயிருந்து ஒரு மெலிந்த குரல் வந்தது: "தம்பியின்ர கார்! தம்பி வந்திட்டான்!" அண்ணை வாசலைத் தடவிக்கொண்டு நின்று, "வந்திட்டன் அக்கா. ஆனால் ஓட்டினது நான் இல்லை," என்றார். அதை அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.

திங்கட்கிழமை வந்த புறோக்கருக்குத் தேத்தண்ணியும் வடையும் மட்டும்தான் கிடைத்ததாம். அது பிறகு கேட்ட கதை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஞாயிறு பின்னேரத்தை.

திரும்பும் நேரம் அக்கா சாரதி ஆசனத்தில் ஏறினார். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து, அண்ணையின் கையைப் பிடித்து என் சீட்டில் உட்கார வைத்தேன்.

"நீங்கள்?" என்றார் அக்கா. முகம் வெளிறிவிட்டது.

"எனக்குப் பஸ் இருக்கு."

பெல்ட்டைப் போட்டுவிட்டேன். பின் சீட்டிலிருந்து வந்தவருக்கு முன்னால் கால் நீட்ட இடம் கிடைத்த சந்தோஷம். டாஷ்போர்டைத் தடவி, அதில் ஒட்டியிருந்த பிள்ளையாரைத் தேடித் தொட்டார். அக்கா வலப்பக்கச் சிக்னலைப் போட்டார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், எடுத்தார். கதவோரம் நான் நிற்பதை இரண்டு பேருமே அப்போது மறந்துவிட்டார்கள்.

கார் தெருவில் இறங்கிப் போனது. சிக்னல் அணையவில்லை. பின்னால் அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டே போனது. கத்த வேண்டும்போல வந்தது. வாய் கூடத் திறந்துவிட்டேன். ஆனால் கத்தவில்லை, அங்கேயே நின்று பார்த்தேன். வளைவு கிட்ட வந்தது. வெளிச்சம் இன்னும் எரிந்தது.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அது அணைந்தது. அக்காவுக்குத் தானாக நினைவு வந்ததா, டிக் டிக் சத்தத்தைக் கேட்டு அண்ணை சொன்னாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவும் இல்லை.